சொல்லக் கூசும் எரிச்சலுக்கு மருந்து உண்டு

மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குப் பகல் முழுக்க ஒதுங்க இடம் கிடையாது. பசறை, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று பதுளை மாவட்டத்தில் தேயிலை விரிந்து கிடக்கும் பக்கமெல்லாம் பெரும்பாலும் இதுதான் நிலைமை. பெரட்டில் பேர் கொடுத்து, இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் போட்டுக்கொண்டு மேலே ஏறியவள், கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு இறங்கும்வரை அடக்கிக்கொள்கிறாள். அடக்க முடியாதபோது இரண்டு நிரைக்கு நடுவே குந்துகிறாள். அதற்கும் கூசுகிறவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். இருபது வயதிலும் முப்பது வயதிலும் உடம்பு இதை ஒருமாதிரித் தாங்கிவிடும். ஐம்பதை ஒட்டி மாதவிலக்கு நின்ற பிறகு தாங்காது.

அப்போதுதான் அந்த எரிச்சல் தொடங்குகிறது. ஒண்ணுக்குப் போனால் சுள்ளென்று காந்தும். உள்ளே வறண்டுபோய், நடந்தாலே உரசும். மழைநாளில் நனைந்த துணி தொடையில் ஒட்டிக்கொண்டிருக்க, அரிப்பு பொறுக்க முடியாது. இருமினால் சொட்டும், கூடையைத் தூக்கினாலும் சொட்டும். இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து, லயத்துக்கு வெளியே இருக்கும் கழிப்பறைக்கு இருட்டில் நடக்க வேண்டியிருக்கும். கணவனோடு சேர்ந்தால் வலிக்கும், சிலவேளை இரத்தம் கசியும். வலிக்குப் பயந்து அவள் விலகிப்போக, ஆசை போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொள்ள, காரணமே பேசப்படாத ஒரு மனக்கசப்பு வீட்டுக்குள் வளரும்.

இதை யாரிடம் சொல்வது? கொழும்பில் வேலைக்குப் போயிருக்கும் மகளிடம் தொலைபேசியில் சொல்ல வாய் வராது. தோட்டத்து மருந்தகத்தில் வரிசையில் பின்னால் நிற்பவள் பக்கத்துக் காம்பராக்காரி. டவுன் வைத்தியசாலைக்குப் போனால் வைத்தியர் ஆணாக இருப்பார், சிங்களத்தில் கேட்பார். “ஒண்ணுக்கு எரியுதுங்க ஐயா” என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். மிச்சம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. சொன்ன அளவுக்கு மருந்து கிடைக்கும், கிருமியைக் கொல்லும் மாத்திரை சில நாளைக்கு. குறையும். இரண்டு மாதத்தில் திரும்பவும் வரும். கணவனை இழந்த பெண்ணின் சங்கடம் இன்னும் பெரியது. அந்த இடத்தைப் பற்றிப் பேசினாலே ஊர் வேறு அர்த்தம் எடுக்கும் என்று பயந்து கடைசிவரை வாய் திறக்க மாட்டாள். இந்த எரிச்சலுக்கான வைத்தியம் தாம்பத்தியத்துக்கு மட்டுமானது என்ற எண்ணம் முதலில் ஒழிய வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணுக்கும் சிறுநீர் எரியும், புண்ணாகும், தூக்கம் கெடும். அவளுக்கும் அதே வைத்தியம்தான்.

உடம்புச் சூடு என்று வெந்தயமும் சீரகத் தண்ணீரும் குடித்துப் பார்க்கிறார்கள். குடிப்பதால் கெடுதல் இல்லை, எரிச்சல் மட்டும் போகாது. வயசு போனால் இப்படித்தான் என்று மாமியாரும் சொல்லியிருப்பார், அவருடைய மாமியாரும் சொல்லியிருப்பார். மாதவிலக்கு நின்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தத் தொந்தரவு ஏதோவோர் அளவில் வருகிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. முகம் குப்பென்று காந்தி வியர்த்துக்கொட்டுவது பெரும்பாலானவர்களுக்குச் சில ஆண்டுகளில் தானாக அடங்கும். இந்த வறட்சியும் எரிச்சலும் தானாக அடங்குவதில்லை, விட்டால் கூடிக்கொண்டே போகும். 2014இல் இத்துறையின் இரண்டு சர்வதேச மருத்துவச் சங்கங்கள் யோனி, சிறுநீர்த் துவாரம், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் வரும் இந்த உபாதைகள் எல்லாவற்றையும் ஒரே நோயாகப் பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்தன. வறட்சி என்று வருகிறவளும், அடிக்கடி நீர்க்கடுப்பு என்று வருகிறவளும் ஒரே காரணத்தால் அவதிப்படுகிறவர்களாக இருக்கலாம்.

உள்ளே நடப்பது

அந்தக் காரணம் ஈஸ்ட்ரோஜன். சூலகங்கள் சுரக்கும் இந்த ஹோர்மோன்தான் யோனியின் உட்தோலைத் தடிப்பாகவும் ஈரமாகவும் வைத்திருக்கிறது. அந்தத் தோலில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைப் பொருள் சேர்கிறது. அதைக் கொண்டு லாக்டோபசிலஸ் என்ற நல்ல கிருமிகள் வாழ்ந்து, லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. தேயிலை புளிப்பு மண்ணில்தான் தழைக்கும் என்பது தோட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யோனியும் புளிப்பில்தான் நலமாக இருக்கும். மாதவிலக்கு வரும் வயதில் அதன் பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் தங்க முடியாது. ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் தோல் மெலிந்து, நல்ல கிருமிகள் குறைந்து, பிஎச் 5ஐத் தாண்டுகிறது. மலவாயில் இருக்கும் கிருமிகள் யோனியில் குடியேறி, பக்கத்திலேயே இருக்கும் சிறுநீர்த் துவாரம் வழியாக மேலேறுகின்றன. அந்தத் துவாரத்தின் தோலும் ஈஸ்ட்ரோஜனை நம்பியே இருந்தது, இப்போது அதுவும் மெலிந்துவிட்டது. நாள் முழுக்க அடக்கிவைத்த சிறுநீரும், தண்ணீர் குடிக்காத உடம்பும் கிருமிக்கு இன்னும் வசதி செய்து கொடுக்கின்றன.

பிள்ளை போதும் என்று குழாயைக் கட்டிக்கொண்ட எல்.ஆர்.டி. ஆப்பரேசன்தான் இதற்கெல்லாம் காரணம் என்று தோட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. அந்த ஆப்பரேசனில் சூலகத்தைத் தொடுவதில்லை, ஈஸ்ட்ரோஜன் வழக்கம்போலச் சுரக்கும். கர்ப்பப்பையோடு இரண்டு சூலகங்களையும் எடுத்தவர்களின் கதை வேறு. அவர்களுக்கு நாற்பது வயதிலும் இந்த வறட்சி திடீரென்று வந்துவிடும். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சிலருக்கும் அப்படி நேரும்.

புளிப்பு குறைந்த இடத்தில் நாம் செய்கிற சில காரியங்கள் நிலைமையை மேலும் மோசமாக்குகின்றன. டெட்டோல் கலந்த தண்ணீரால் கழுவுவது, சவர்க்காரத்தை உள்ளே போட்டுத் தேய்ப்பது எல்லாம் மெலிந்த தோலை இன்னும் புண்ணாக்கும். பாமசியில் “அரிப்புக்கு ஒரு கிரீம் தாங்க” என்று கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் பல நேரம் ஸ்டீரோய்ட் மருந்து இருக்கும். பூசியவுடன் சுகம் தெரியும், மாதக்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலியும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே எதையும் ஊற்றிக் கழுவ வேண்டியதில்லை.

ஒரு கிரீம் செய்யும் வேலை

வற்றியது ஈஸ்ட்ரோஜன் என்றால், அதையே அந்த இடத்துக்கு மட்டும் சிறு அளவில் கொடுத்துப் பார்க்கலாம் என்பது பழைய யோசனை. அதன் பலனைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1993இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. ரவுல் ராஸ், வால்டர் ஸ்டாம் என்ற இரு மருத்துவர்கள், மாதவிலக்கு நின்று அடிக்கடி சிறுநீர்த் தொற்றால் அவதிப்பட்ட 93 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். 50 பேருக்கு எஸ்ட்ரியோல் என்ற ஈஸ்ட்ரோஜன் கிரீம், 43 பேருக்கு மருந்தில்லாத வெறும் கிரீம். வெறும் கிரீம் பூசியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 தடவை தொற்று வந்தது. மருந்துக் கிரீம் பூசியவர்களுக்கு 0.5 தடவை. நல்ல கிருமிகள் திரும்பி வந்தன, பிஎச் 5.5இலிருந்து 3.8க்கு இறங்கியது. 2019இல் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவச் சங்கம், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் இந்த வயதுப் பெண்களுக்கு யோனி ஈஸ்ட்ரோஜனைப் பரிந்துரைக்கும்படி தன் மருத்துவர்களுக்கு வழிகாட்டியது. ஆறு மாதத்தில் இரண்டு தடவையோ, ஆண்டில் மூன்று தடவையோ வந்தால் அது அடிக்கடி வருவதாகக் கணக்கு. நம் தோட்டங்களில் அந்தக் கணக்கைத் தாண்டிய பெண்கள் மருந்தகத்துக்கும் மலைக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அன்டிபயோட்டிக் விழுங்க விழுங்க, கிருமிக்கு அந்த மருந்து பழகிப்போய், பிறகு ஊசி ஏற்ற வார்டில் படுக்க வேண்டி வருகிறது. மூலகாரணத்தைக் கவனித்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி மிச்சம்.

சுமை தூக்கியும் பல பிள்ளைகளைப் பெற்றும் கர்ப்பப்பை கீழே இறங்கிப்போன பெண்களுக்கும் இந்தக் கிரீம் உதவுகிறது. ஆப்பரேசனுக்கு முன்பும், இறக்கத்தைத் தாங்க உள்ளே வளையம் வைத்திருக்கும்போதும், தோல் புண்ணாகாமல் இருக்க வைத்தியர்கள் இதை எழுதுகிறார்கள். ஆனால் இறங்கிய கர்ப்பப்பையை இது மேலே ஏற்றாது. முகம் காந்துவதையும் தூக்கத்தில் வியர்ப்பதையும் நிறுத்தாது, எலும்புத் தேய்வைத் தடுக்காது. அந்த இடத்துக்கான மருந்து அந்த இடத்தில் மட்டும் வேலை செய்கிறது. அதன் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.

பயம் எங்கிருந்து வந்தது

கிரீம் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் தாளைப் படித்தால் மார்புப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி, கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஆங்கிலம் தெரிந்த மகனோ மருமகளோ அதைப் படித்துச் சொன்ன அன்றே கிரீம் குப்பைக்குப் போகும்.

அந்த எச்சரிக்கைக்கு வேர் 2002இல் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த பெண்கள் ஆரோக்கிய முன்முயற்சி என்ற மாபெரும் ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹோர்மோனும் சேர்ந்த மாத்திரையை நாள்தோறும் விழுங்கிய பெண்களுக்கு மார்புப் புற்றுநோயும் பக்கவாதமும் சற்றுக் கூடியதால், அந்த ஆண்டு ஜூலையில் அந்தப் பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. யோனியில் வைக்கும் சிறு அளவு மருந்தோ பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கையை அச்சடித்ததுதான் தவறு என்று மருத்துவ நிபுணர்கள் ஆண்டுக்கணக்காக வாதாடினார்கள்.

அளவைப் பாருங்கள். யோனியில் வைக்கும் 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடயோல் வில்லையை முதல் இரண்டு வாரம் நாள்தோறும், பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை என்று வைத்தால், முதல் ஆண்டு முழுவதும் சேரும் மருந்து 1.14 மில்லிகிராம். விழுங்கும் எஸ்ட்ரடயோல் மாத்திரையில் வழக்கமாகக் கொடுக்கும் ஒரு வகையில் ஒரு நாளைக்கே 1 மில்லிகிராம்.

அதே அமெரிக்க ஆய்வில் பதிவான 45,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2018இல் வெளியான கணக்கில், யோனி ஈஸ்ட்ரோஜன் பாவித்தவர்களுக்கும் பாவிக்காதவர்களுக்கும் மார்புப் புற்றுநோயிலோ, கர்ப்பப்பைப் புற்றுநோயிலோ, பக்கவாதத்திலோ பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் ஏற்கெனவே மார்புப் புற்றுநோய் வந்த 49,237 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வும், யோனி ஈஸ்ட்ரோஜன் பாவித்தவர்களில் அந்த நோயால் இறந்தவர்கள் கூடவில்லை என்று கண்டது. 2025 நவம்பரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், யோனி ஈஸ்ட்ரோஜன் உள்ளிட்ட மாதவிடாய் நிறுத்த ஹோர்மோன் மருந்துகளின் பெட்டியில் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை நீக்க நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தது. பழைய தாள் செருகிய பெட்டிகள் கடைகளில் இன்னும் கிடக்கும். அதைப் பார்த்து மிரண்டு மருந்தை எறிய வேண்டாம், எழுதிக்கொடுத்த வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பயப்படத் தேவையில்லை என்பதால் யாரும் எப்படியும் பூசலாம் என்று ஆகிவிடாது. இது வைத்தியரின் சிட்டை வேண்டிய மருந்து. முதலில் ஒருதரம் பார்த்துச் சோதிக்க வேண்டும். அரிப்புக்குக் காரணம் சர்க்கரை வியாதியால் வந்த பூஞ்சையாக இருக்கலாம், அப்போது ஈஸ்ட்ரோஜன் பூசிப் பயனில்லை, இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். வெளித்தோல் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக மாறும் ஒரு தோல் வியாதிக்கு மருந்து வேறு. எல்லாவற்றையும்விட முக்கியம், மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்த பிறகு ஒரு சொட்டு இரத்தம் கசிந்தாலும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இந்தக் கிரீமைத் தொடங்கக் கூடாது. அது கர்ப்பப்பை வாயிலோ உட்சுவரிலோ புற்றுநோய் தொடங்கியதன் முதல் அடையாளமாக இருக்கலாம். மார்புப் புற்றுநோயோ கர்ப்பப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், கால் இரத்த நாளத்திலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியிருந்தால், ஈரல் வியாதி இருந்தால், கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மார்புப் புற்றுநோய்க்காக அனஸ்ட்ரசோல், லெட்ரசோல் போன்ற மாத்திரை குடித்துக்கொண்டிருப்பவர் புற்றுநோய் வைத்தியரின் சம்மதம் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. அந்த மாத்திரைகளோடு சேரும்போது நோய் திரும்பும் ஆபத்து கூடலாம் என்று டென்மார்க்கில் 2022இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அப்படிப்பட்டவர்களுக்கு ஹோர்மோன் இல்லாத ஈரமூட்டும் ஜெல்கள் உண்டு.

எவ்வளவு, எப்படி

ஈஸ்ட்ரோஜன் கிரீம் எல்லாம் ஒரே வீரியம் உள்ளவை அல்ல. அக்கா பாவிப்பதைத் தங்கை கடன் வாங்குவது ஆபத்தாவது இங்கேதான். 0.1 சதவீத எஸ்ட்ரியோல் கிரீம் என்றால், ஒரு தடவைக்கு அரைக் கிராம் கிரீம், அதில் அரை மில்லிகிராம் மருந்து. எஸ்ட்ரியோல் ஈஸ்ட்ரோஜன்களில் மென்மையானது. எஸ்ட்ரடயோல் அதைவிட வீரியமானது. ஒரு கிராமில் 100 மைக்ரோகிராம் எஸ்ட்ரடயோல் உள்ள கிரீம் இரத்தத்தில் கூடுதலாகக் கலப்பதால், அதை அதிகபட்சம் நான்கு வாரம், ஒரு தடவை மட்டுமே பாவிக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகவரகம் கட்டுப்படுத்தியது. கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இன்னொரு வகை. ஆகவே சிட்டையில் மருந்தின் பெயர், எத்தனை கிராம், வாரத்தில் எந்த நாட்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். குழாயோடு வரும் ஊசிபோன்ற பிளாஸ்டிக் உருளையை நிரப்பினால் சில வகைகளில் நான்கு கிராம்வரை பிடிக்கும். எந்தக் கோடுவரை நிரப்புவது என்று மருந்து கொடுப்பவரிடமே கேட்டு, அந்தக் கோட்டில் பேனாவால் அடையாளம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்ட்ரியோலுக்கு வழக்கமான முறை, முதல் இரண்டு மூன்று வாரம் ஒவ்வோர் இரவும், பிறகு வாரத்துக்கு இரண்டு இரவு. செவ்வாயும் வெள்ளியும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் மறக்காது. படுக்கப் போகுமுன் சிறுநீர் கழித்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, உருளையை முதுகுப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து, வலிக்காத தூரம்வரை உள்ளே விட்டு மெதுவாக அழுத்த வேண்டும். உள்ளே விடவே வலிக்கிறவர்கள் வைத்தியரிடம் சொன்னால், தொடக்கத்தில் விரல் நுனியால் வாயிலிலும் சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியும் பூசச் சொல்வார்கள். உருளையைப் பிரித்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும், கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வளைந்துவிடும்.

சொல்வது சுலபம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மகனும் மருமகளும் பேரப்பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் படுத்திருக்க, ஒரு பெண் எந்த மூலையில் மல்லாந்து படுப்பாள்? இந்தக் கேள்வி எந்த மருந்துத் தாளிலும் இல்லை. கழிப்பறையில் ஒரு காலைச் சற்று உயரமான இடத்தில் வைத்துக்கொண்டு நின்றபடியே வைக்கலாம், பிறகு நேராக வந்து படுத்துவிட வேண்டும். கிரீம் கொஞ்சம் வழியும் என்பதால் ஒரு பருத்தித் துணி வைத்துக்கொண்டால் போதும். எல்லாரும் தூங்கிய பிறகு என்று காத்திருந்தால் பல இரவுகள் தவறும். பிள்ளைகள் படிக்கும்போதோ டீவி பார்க்கும்போதோ முடித்துவிட்டுப் படுப்பது நல்லது. கிரீமைவிட யோனியில் வைக்கும் சிறு வில்லை சிலருக்கு வசதி, வழிவதும் குறைவு. அது கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். குழாயைத் தகரக் கூரையின் சூடு தாக்கும் மேல்தட்டில் வைக்காமல் நிழலான இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

கணவனோடு சேருவதற்குச் சற்று முன்பு வழுக்குவதற்காக இதைப் பூசக் கூடாது. மருந்து அவர் உடம்பிலும் சேரும். சில கிரீம்கள் ஆணுறையைக் கெடுக்கும். அதற்கென்று தனியாக வழுக்கு ஜெல் இருக்கிறது. மாதவிலக்கு இன்னும் முழுக்க நிற்காதவர்கள் இதைக் கருத்தடை என்று நினைத்துவிடக் கூடாது. ஓர் இரவு மறந்தால் அடுத்த தடவை இரண்டு மடங்கு வைக்க வேண்டாம்.

முதல் வாரத்தில் கொஞ்சம் எரியலாம், மெலிந்த தோலில் எதுவும் எரியும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறுதல் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு மூன்று மாதம்வரை ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று விட்டவர்களும், மூன்று மாதத்தில் நன்றாகிவிட்டது என்று விட்டவர்களும் ஒரே இடத்துக்குத்தான் திரும்பி வருகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் திரும்பச் சுரக்கப் போவதில்லை, கிரீமை நிறுத்தினால் வறட்சியும் திரும்பும். பிரஷர் மாத்திரைபோல நெடுநாள் பாவிக்கும் மருந்து இது, ஆண்டுக்கு ஒருதரமாவது வைத்தியரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். குறைந்த அளவில் பாவிக்கும்போது கர்ப்பப்பை உள்ளவர்களுக்கும் கூடவே இன்னொரு ஹோர்மோன் மாத்திரை தேவைப்படுவதில்லை.

பாவிக்கும் நாட்களில் இரத்தம் கசிந்தாலோ, சிறுநீரில் இரத்தம் கலந்தாலோ, காய்ச்சலும் குளிரும் விலாவில் வலியும் சேர்ந்து வந்தாலோ, மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ பெரட்டுக்குப் போகாமல் நேராக வைத்தியசாலைக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

யாரும் கூப்பிடாத வயது

இலங்கையில் 1996 முதல் சுவநாரி கிளினிக் நடக்கிறது. பிரஷர், சர்க்கரை, மார்புக் கட்டி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எல்லாவற்றையும் இலவசமாகச் சோதிக்கிறார்கள். ஏழை நாடொன்று பெண்களுக்காகச் செய்த மிக நல்ல காரியங்களில் இது ஒன்று. ஆனால் அழைத்துச் சோதிக்க முதன்மையாகக் குறித்த வயதுகள் 35, 45. அந்த இரண்டு வயதிலும் பெரும்பாலான பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கவில்லை. வறட்சியும் எரிச்சலும் தொடங்கும் 50, 55 வயதில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. கர்ப்பமாக இருந்தபோது வீடு தேடி வந்த மிட்வைஃப் மிஸ்ஸி, பிள்ளைக்கு ஊசி போட்டு நிறை பார்த்த மிஸ்ஸி, இப்போது அவள் வீட்டு வாசலைத் தாண்டி மருமகளைப் பார்க்கப் போகிறார். பிள்ளை பெறும் வரைக்கும்தான் பெண்ணின் உடம்பு நாட்டுக்குக் கணக்கு என்றால், அது அநியாயம். ஐம்பது தாண்டிய ஒவ்வொரு பெண்ணிடமும் “ஒண்ணுக்கு எரியுதா, உள்ளே வறட்சியா, இரவில் எத்தனை தடவை எழும்புறீங்க?” என்று மிஸ்ஸி ஒருதரம் கேட்டால் போதும். அவளாக ஆரம்பிக்க மாட்டாள், கேட்டால் சொல்வாள்.

மலைகளில் கழிப்பறை கட்டுவது தோட்ட நிர்வாகங்கள் இனியும் தள்ளிப்போட முடியாத கடமை. அதுவும் இந்த நோயின் வைத்தியத்தில் ஒரு பகுதிதான். கிளினிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்ற நிலை இருக்கும்வரை பெண்கள் வலியோடு கொழுந்துதான் எடுப்பார்கள். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது, கிளினிக்குப் போகச் சம்பளத்தோடு அரை நாளையும் கேட்க வேண்டும்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவநாரி கிளினிக் 35க்கு மேற்பட்ட எந்தப் பெண்ணுக்கும் திறந்திருக்கிறது, குறித்த வயது தாண்டிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பதுளை போதனா வைத்தியசாலையிலும் தியத்தலாவை, வெலிமடை ஆதார வைத்தியசாலைகளிலும் வைத்தியரைப் பார்க்கக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆண் வைத்தியர் என்றால் சோதிக்கும்போது கூட ஒரு மிஸ்ஸி நிற்க வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. சிங்களம் வராவிட்டால் தமிழில் சொல்லுங்கள், தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் இப்படி எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள்: மாதவிலக்கு நின்று இத்தனை ஆண்டு, சிறுநீர் எரிகிறது, உள்ளே வறட்சியாக இருக்கிறது, இந்த ஆண்டில் இத்தனை தடவை மாத்திரை எடுத்தேன், ஈஸ்ட்ரோஜன் கிரீம் எனக்குச் சரிவருமா?